பதினைந்து நிமிடக் காற்று

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்னவருக்கு ஒரு மாசம் அவகாசம் இருந்தது. எனக்குப் பதினைந்து நிமிடம்தான்.

காற்றாலைகள் நாளை எவ்வளவு மின்சாரம் தரும் என்று கணித்துச் சொல்வது என் வேலை. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக வெட்டினால் 96. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும்.

காற்றின் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் மாறும். வினாடிக்கு 8 மீட்டர் என்பது 6 ஆனால், ஆற்றல் பாதிக்கும் கீழே போய்விடும். வேகத்தில் சின்னதாகச் சறுக்கினாலும் மின்சாரக் கணக்கு பெரிதாக விழும்.

அரபிக்கடலிலிருந்து வரும் பருவக்காற்று, மழை வலுத்த நாட்களில் தீபகற்பத்தின் நடுவே பாயும். மழை ஓயும் இடைவெளிகளில் தெற்கே இறங்கும். இதைக் கணினி மாதிரிகள் ஓரளவு பிடித்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தபின் அது என்ன செய்யும் என்பதில்தான் சிக்கல். மாதிரியின் அகலமான கட்டங்களுக்குள் மலைமுகடுகளும் பள்ளங்களும் மழுங்கிப்போகும்.

கூட்டிச் சொன்னால் பற்றாக்குறை. குறைத்துச் சொன்னால் மின்சாரம் மிஞ்சும்; அனல்மின் நிலையங்களைச் சட்டென்று தணிக்க முடியாது. நன்றாகச் சுற்றுகிற காற்றாலையை நிறுத்தச் சொல்வார்கள்.

பணகுடிப் பக்கம் வாழை போட்டிருக்கும் அப்பா போனில் கேட்பார், "நாளைக்குக் காத்து எப்படிடே?"

நான் வேண்டுகிற காற்றுதான் அவர் வாழையைச் சாய்ப்பதும். அவருக்கு என் 96 எண்களும் வேண்டாம்.

"மத்தியானத்துக்கு மேல பலமா இருக்கும்பா. காலையிலேயே முட்டுக் கொடுத்திருங்க."

கணிப்பு என்றால் எனக்கு அவ்வளவுதான்: வருவதற்கு முன்னால் ஒரு கம்பு ஊன்ற நேரம்.