கடன் பத்தியில் ஒரு பெயர்

கருங்குழி நிலையத்தில் தொடர்வண்டி ஏறிச் சென்னைக் கல்லூரியொன்றில் பொருளியல் ஆனர்ஸ் பயின்ற நாள்களில், தேவைக் கோட்டையும் அளிப்புக் கோட்டையும் எளிதாய் வரையக் கற்றோம். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி, நிலம், கூலி, கடன் ஆகியவற்றைக் கேட்டெழுதச் செய்தார். 1918இல் அது நூலாயிற்று. அதனை அறிந்த நாமும், விடுமுறையில் ஏடும் எழுதுகோலுமாய்த் திண்ணையில் தந்தையாரின் எதிரே அமர்ந்தோம்.

"விலை ஏறும்வரை காத்திராமல், அறுவடையிலேயே நெல்லை மலிவாய் விற்பதேன், அப்பா?" என்று வினவினோம்.

நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "உன் படிப்புக்கு வாங்கிய கடனின் கெடு களத்துமேட்டிலேயே முடிகிறதப்பா" என்றார்.

கடன் என்னும் தலைப்பின்கீழ் அன்று நம் பெயரையே எழுதினோம்.