குப்பைமேட்டு வாசல்



பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து பெருநகரங்களில் குடியேறியிருக்கிற நம்முடைய வீடுகளில், உள்ளே வருகிற தண்ணீரைக்குறித்து எல்லாருக்கும் நன்றாய்த் தெரியும். எத்தனை மணிக்குக் குழாயில் வரும், எத்தனை குடம் நிரம்பும், தண்ணீர் லாரி எந்தத் தெருமுனையில் நிற்கும் என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். வெளியே போகிற தண்ணீரைக்குறித்தோ ஒருவரும் விசாரிப்பதில்லை. கழிவறையில் ஒரு வாளி ஊற்றியவுடன் காரியம் முடிந்ததாக எண்ணிக்கொள்ளுகிறோம். அது எங்கே போகிறது, அதன் வழி அடைபட்டால் திறக்கிறவன் யார் என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கேள்வியை நான் நிதானமாய் யோசிக்கும்படி செய்தது, 2024ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நான் முழங்காற்படியிட்டுக் கழற்றிய ஒரு பிளாஸ்டிக் வால்வு.

மூன்று தொட்டிகள்

என் மூத்த மகளும் மருமகனும் அங்கே வேலையிலிருக்கிறார்கள். மருமகன் பழைய கேம்பர் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தார். கேம்பர் என்பது டிரக் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லுகிற சக்கரமுள்ள சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை, கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. அந்த வீட்டின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நல்ல தண்ணீருக்கு. மற்றொன்று சமையல், குளியல் தண்ணீருக்கு. அதைச் சாம்பல் தொட்டி என்கிறார்கள். மூன்றாவது கழிவறைக்குரியது, அதற்குக் கருப்புத் தொட்டி என்று பெயர். எங்கள் வண்டியில் அது 30 கேலன், அதாவது ஏறக்குறைய 114 லிட்டர் கொள்ளும்.

கருப்புத் தொட்டியின் அடியிலிருந்து 3 அங்குலக் குழாய் ஒன்று வெளியே வருகிறது. அதன் குறுக்கே ஒரு தட்டு நிற்கும். கைப்பிடியை இழுத்தால் தட்டு விலகும், தள்ளினால் மூடிக்கொள்ளும். இதற்குக் கேட் வால்வு என்று பெயர். பயணம் முடிந்ததும் கழிவு இறக்குவதற்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, தடித்த குழாயைப் பொருத்தி, முதலாவது கருப்புத் தொட்டியையும், பின்பு சாம்பல் தொட்டியையும் திறக்கவேண்டும். சோப்புத் தண்ணீர் பின்னால் ஓடிக் குழாயைக் கழுவிவிடும் என்பதே அந்த ஒழுங்கின் காரணம்.

ஆஸ்டின் நகரத்திற்கு வடமேற்கே ஏரிக்கரையிலுள்ள ஒரு பூங்காவில் நான்கு நாட்கள் தங்கினோம். புறப்படும் காலையில் மருமகன் கைப்பிடியை இழுத்தார், அது அசையவில்லை. காலைச் சக்கரத்தில் ஊன்றிக்கொண்டு மறுபடியும் இழுக்கப்போனார். பின்னால் நான்கு வண்டிகள் காத்திருந்தன.

"மாப்பிள்ளை, பலத்தைக் காட்டாதீர்கள். கம்பி தட்டைவிட்டுக் கழன்று கையோடு வந்துவிடும்" என்று தடுத்தேன்.

என் தகப்பனார் பொன்மலை இரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். இறுகிப்போனதை அடிக்கக் கூடாது, ஊறவைக்கவேண்டும் என்பது அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம். வேதாகமக் கல்லூரிக்குப் போகுமுன் இரண்டு ஆண்டுகள் அவரோடு வீட்டு வேலைகளில் ஸ்பானர் பிடித்தவன் நான்.

ஊறவைத்தல்

வெளிமூடியை இறுக்கிவிட்டு வரிசையைவிட்டு விலகினோம். கழிவறை வழியாக இரண்டு வாளி வெதுவெதுப்பான தண்ணீரும், பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு கொஞ்சமும் ஊற்றினோம். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் இளகிக் கெட்டுப்போகக்கூடும். பிளீச்சிங் திரவமும் ஊற்றலாகாது. சிறுநீரிலுள்ள அமோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமைன் என்னும் நச்சு வாயு உண்டாகும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு எழும்பும். நம் வீட்டுத் தாய்மார்களும் இவைகளை ஒருபோதும் கலக்காதிருப்பார்களாக. வெளியே தெரிந்த கம்பியின்மேல் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தோம். சாதாரண எண்ணெயும் கிரீசும் ரப்பரை உப்பவைத்துக் கெடுத்துவிடும். பிறகு வீடுவரை ஓட்டினோம். பயணக் குலுக்கலே தொட்டிக்குள் கலக்குகிற வேலையைச் செய்தது.

இரவெல்லாம் ஊறியது. மறுநாள் காலையில் நெடுஞ்சாலையிலுள்ள ஓர் எரிபொருள் நிலையத்தில் கட்டணம் செலுத்தி, கழிவு இறக்கும் குழியருகே வண்டியை நிறுத்தினோம். கையுறையும் கண்ணாடியும் அணிந்து குழாயைப் பொருத்தினேன். கைப்பிடியை இழுப்பதும் தள்ளுவதுமாக, நெல்லளவு, பின்பு விரலளவு என்று இருபது நிமிடம் பொறுமையாய் அசைத்தேன். தட்டு முக்கால் பங்கு விலகியது, தொட்டி இறங்கிற்று. மூன்று தரம் நல்ல தண்ணீர் விட்டு அலசினோம். அன்று திறக்காமற்போயிருந்தால், உறிஞ்சும் லாரியை வரவழைத்து மேலே கழிவறை வழியாகத்தான் தொட்டியைக் காலிசெய்திருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் வால்வை மாற்றினோம். அடியில் ஒரு தட்டத்தை வைத்துவிட்டு, நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் வால்வு முழுவதும் வெளியே வந்துவிடும். தட்டு உட்காருகிற பள்ளத்தில், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்துணிகள் கல்லைப்போல இறுகியிருந்தன. வண்டியை முன்பு வைத்திருந்தவர்கள் போட்டவை. காகிதம் தண்ணீரில் கரையும். அந்தத் துணி கரைவதில்லை. அதனால் ஒரு பக்கத்து ரப்பர் வளையமும் கிழிந்திருந்தது. புது வால்வு ஏறக்குறைய 20 டாலர். இரு பக்கத்து ரப்பர் வளையங்களும் மடங்காமல் உட்காரவேண்டும், மடங்கினால் ஒழுகும். போல்ட்டுகளை எதிரெதிராக, அளவாய் இறுக்கவேண்டும்; மிஞ்சினால் பிளாஸ்டிக் வெடிக்கும். தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு சொட்டும் விழவில்லை.

டார்ச் பிடித்திருந்த பேரன் கேட்டான்: "தாத்தா, இதைச் செய்ய ஆள் வரமாட்டாரா?"

"இது நம்முடையதுதானே கண்ணா. நாமேதான் செய்யவேண்டும்" என்றேன்.

அந்தக் குழியருகே நின்ற எல்லாரும் தங்கள் கையாலேயே அதைச் செய்தார்கள். அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அங்கே ஆள் கூலி மிகுதி, வேறு வழியில்லை. ஆனால் ஒரு காரியத்தை நான் கவனித்தேன். அந்தத் தொட்டியின் வாய் மூன்றே அங்குலம். எவ்வளவு அடைத்துக்கொண்டாலும், ஒரு மனுஷனைப் பார்த்து "உள்ளே இறங்கு" என்று யாரும் சொல்ல முடியாது.

இறங்கியவன்

நாங்கள் ஊழியம் செய்வது மும்பைக்கு அப்பாலுள்ள ஒரு புறநகரில். பாதாளச் சாக்கடை எட்டாத கட்டடங்கள் அங்கே அநேகம். அவைகளுக்குச் செப்டிக் டேங்க் உண்டு. எங்கள் சபையில் திருநெல்வேலிப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் கழிவு உறிஞ்சும் லாரியில் வேலை செய்கிறார். 2011ஆம் ஆண்டில் அவருடைய தம்பிக்கு வயது 24. ஒரு குடியிருப்பின் தொட்டியில் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டது. மேலிருந்து குத்திப் பார்த்தார்கள், திறக்கவில்லை. ஒப்பந்தக்காரர் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்து அந்தப் பிள்ளையை இறக்கிவிட்டார். கயிறும் கட்டவில்லை. அவன் விழுந்ததைக் கண்டு தூக்கப்போன நண்பனும் உள்ளேயே விழுந்தான். இரண்டு அடக்க ஆராதனைகளை ஒரே நாளில் நடத்தினேன்.

அந்தத் தொட்டிகளில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு தங்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதற்கு அடையாளம். ஆனால் அது ஏறக்குறைய 100 பிபிஎம் அளவை எட்டும்போது மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று மனுஷன் நினைத்துக்கொள்ளுவான். 700க்கு மேற்பட்டால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். அந்த வாயு காற்றைவிடக் கனமானதாகையால் கீழே தங்கியிருக்கும். மூடியைச் சற்றுநேரம் திறந்துவைத்ததினாலே தொட்டி பாதுகாப்பாகிவிடாது.

நம்முடைய தேசத்தில் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குகிறவருக்கு முதல் குற்றத்திற்கே இரண்டு ஆண்டுவரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். 1993 முதல் இவ்விதம் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்த முதல் தீர்ப்பின் அடிப்படையில் மனுச் செய்து, நெடுநாள் அலைந்து, அந்தத் தாய்க்குப் பணம் கிடைத்தது. வங்கியிலிருந்து திரும்பி வருகையில் அவர்கள் என்னிடம் கேட்டது இன்னும் என் காதிலிருக்கிறது: "ஐயா, குழாயைத் திறக்க ஒரு கம்பி போதாதா? என் பிள்ளைதானா கம்பி?"

பிரபு செய்த வேலை

வால்வு என்ற சொல்லின் வேர் இலத்தீனில் கதவின் மடலைக் குறிக்கும். ஆகவே கேட் வால்வு என்பது உண்மையிலே ஒரு வாசலும் கதவுந்தான். டெக்சாஸில் கைகளைக் கழுவிவிட்டு உட்கார்ந்தபோது, நெகேமியாவின் 3ஆம் அதிகாரம் என் நினைவில் வந்தது. எருசலேமின் வாசல்களைப் பழுதுபார்த்தவர்களின் பட்டியல் அது. நகரத்தின் கழிவு வெளியேறும் குப்பைமேட்டு வாசலைக் கட்டி, கதவுகளையும் பூட்டுகளையும் தாழ்ப்பாள்களையும் போட்டவன் யார்? அடிமையல்ல, ஒரு மாகாணத்தின் பிரபுவாகிய மல்கியா. உபாகமம் 23ஆம் அதிகாரத்திலும், பாளயத்திற்குப் புறம்பே போகிறவன் தன் கழிவைத் தானே மண்ணைத் தோண்டி மூடவேண்டும் என்றிருக்கிறது. அந்த வேலைக்கென்று ஒரு கோத்திரம் குறிக்கப்படவில்லை. ஆலயத்தின் பாத்திரங்களைச் சுமக்க ஒரு கோத்திரம் உண்டு. கழிவைச் சுமக்க ஒன்றும் இல்லை.

நாமோ அதைப் பிறப்பினால் சிலர்மேல் சுமத்திவிட்டோம். நகரத்திற்கு வந்த பின்பும், இரட்சிக்கப்பட்டோம் என்று சாட்சி சொன்ன பின்பும், அந்தப் பாரத்தை நம்மில் அநேகர் இறக்கிவைக்கவில்லை. லாரியில் வேலை செய்கிற சகோதரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், பையைச் சரிசெய்கிற பாவனையில் சற்றே தள்ளி உட்காருகிறவர்கள் உண்டு. பெண் பார்க்கும் பேச்சு வந்தால், "தகப்பனார் என்ன வேலை?" என்ற கேள்வியோடு அது நின்றுபோகிறது. நாம் ஒவ்வொரு நாளும் அனுப்புகிறதை அவர் அப்புறப்படுத்துகிறார் என்பதைத் தவிர, அவர் செய்த குறை வேறொன்றுமில்லை.

இந்த மாதம் செய்யவேண்டியவை

அன்பானவர்களே, நம்மில் அநேகர் வாடகை வீட்டில் இருந்தாலும், கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. உங்கள் கட்டடத்திற்குச் செப்டிக் டேங்க் இருக்குமானால், கடைசியாய் எப்பொழுது சுத்தம் செய்யப்பட்டது என்று செயலாளரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சும் லாரியைக்கொண்டு எடுத்துவிட்டால், கசடு கல்லாய் இறுகாது. இறங்கவேண்டிய நிலையும் வராது. ஆளை உள்ளே இறக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத் தாளிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கச் சொல்லுங்கள். ஈரத்துணி, நாப்கின், பிளாஸ்டிக் உறை, தலைமுடி ஆகியவைகளைக் கழிவறைக்குள் போடாதபடி பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் போடுகிற ஒரு துணியை எடுக்கத்தான் ஒருவன் இறக்கப்படுகிறான்.

ஒருவர் உள்ளே மயங்கி விழுந்தால், எவ்வளவு பாசமானவராயிருந்தாலும் பின்னாலே குதிக்காதீர்கள். 112க்குப் பேசித் தீயணைப்புப் படையை வரவழையுங்கள். யாரையாகிலும் இறக்குவதைக் கண்டால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். இப்படிப்பட்ட புகார்களுக்கென்று 14420 என்ற உதவி எண் 2020ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

தொட்டியைத் திறக்கிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு மூக்கைப் பொத்தாமல், கீழே இறங்கிப் போய் நில்லுங்கள். வேலை செய்கிறவருடைய பெயரைக் கேளுங்கள். கையுறை இருக்கிறதா என்று பாருங்கள். கைகழுவச் சோப்பும் தண்ணீரும் கொடுங்கள். வீட்டில் நீங்கள் குடிக்கிற அதே டம்ளரில் தேநீர் கொடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரோ, அவரைப்போன்ற ஒருவரோ உங்கள் சபைக்கு வந்தால், உங்கள் பக்கத்தில் இடம் இருக்கட்டும்.