அறுக்கிற நாள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு குழி இருக்கிறது. இப்போது பலகை போட்டு மூடி, மேலே பாய் விரித்திருக்கிறோம். அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் அப்பா 38 வருஷம் பட்டு நெய்தார். சுவருக்கு அந்தப் பக்கம் என் அறை. ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு. பக்திப் பாடல்களுக்கும் குறும்படங்களுக்கும் இசை சேர்த்துக் கொடுப்பது என் தொழில். அந்தத் தறி ஓடிய காலத்தில் பகலில் மைக்கைத் திறக்க முடிந்ததில்லை. பாடகர்களை எல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வரச்சொல்வேன்.

1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியை வைத்து இசை கோத்தபோது, அந்த மாதிரிக் கருவிகள் சென்னையின் பெரிய ஸ்டூடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியானவை. இன்று அதே வேலையைச் செய்யும் சிந்தசைஸர் வெறும் மென்பொருளாக என் கணினிக்குள் கிடக்கிறது. நான் அதிகம் திறப்பது ‘சீரம்’. ஸ்டீவ் டூடா உருவாக்கி, அவருடைய எக்ஸ்ஃபர் ரெக்கார்ட்ஸ் 2014-ல் வெளியிட்டது. அப்போதைய விலை 189 டாலர். மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணமில்லை. ‘ஸ்பிளைஸ்’ தளத்தில் மாதம் பத்து டாலருக்கு ஒரு சென்ட் குறைவாகக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வசதி இருந்தது. 2017-ல் ஆரம்பித்துப் பத்தொன்பது மாதம் கட்டினேன். கடைசித் தவணை முடிந்த அன்றைக்கு அம்மா கேசரி கிளறினார்.

சீரம் வேலை செய்கிற விதத்தை நெசவுக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து துளை போட்ட அட்டைகள் சங்கிலியாகத் தொங்கும். ஒவ்வோர் அட்டையும் எந்தெந்தப் பாவு இழை மேலே எழ வேண்டும் என்று சொல்லும். அட்டை மாற மாறக் கரையில் யாளியும் அன்னமும் வளரும். சீரத்தின் வேவ்டேபிளும் அதே கதைதான். ஓர் ஒலி அலையின் ஒரு சுற்றை 2048 புள்ளிகளால் எழுதினால் அது ஓர் அட்டை. அப்படி 256 அட்டைகள் வரை அடுக்கலாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர நகர ஒலியின் நிறம் மாறும். இந்த ஒற்றுமை நானாகக் கட்டிவிட்டதல்ல. ஜக்கார்டு 1804-ல் பிரான்சில் தன் தறிக்குப் பயன்படுத்திய துளையட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கீட்டு எந்திரத்துக்கு அட்டை வைக்க நினைத்தார். காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருவதற்கு முன்பு ‘அடை’ கட்டி நெய்தார்கள். பூவுக்கான இழைகளை நூலால் கட்டி வைத்து, ஆள் பிடித்துத் தூக்குவார்கள். தாத்தா காலத்து அடை ஒன்று பரணில் ரொம்ப நாள் இருந்தது.

2018 தை மாதத்தில் ஒரு நாள் அப்பாவின் தறியை ஏழு நிமிஷம் ஒலிப்பதிவு செய்தேன். பெரிய திட்டம் எதுவும் கிடையாது. புதிதாக வாங்கிய ரெக்கார்டரைச் சோதித்துப் பார்க்கத்தான்.

அன்றைக்குத் தறியில் இருந்தது கோர்வைச் சேலை. மயில்கழுத்து நிற உடல், அரக்குக் கரை. கோர்வைக்கு, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. உடல் நாடாவும் இந்தப் பக்கக் கரை நாடாவும் அப்பா கையில். அந்தப் பக்கக் கரைக்கு அம்மா. ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டபோதுதான், பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த சத்தத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தது. முதலில் குழிக்குள் மிதிகட்டை அமுங்குகிறது. ஜக்கார்டு முனகிக்கொண்டு தூக்குகிறது. அப்பாவின் நாடா ஓடி நிற்கிறது. அம்மாவின் நாடா கிளம்புகிறது. பிறகு பண்ணை வந்து ‘டக்’கென்று ஊடையை அடிக்கிறது. அப்பாவின் நாடா நின்று அம்மாவின் நாடா கிளம்புவதற்கு நடுவில் ஒரு மிகச் சின்ன இடைவெளி. ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எந்தத் தாளக் கணக்குக்குள்ளும் அது அடங்கவில்லை. அம்மா ஏதோ யோசனையில் இருந்தால் நீளுகிறது. இரண்டு பேரும் பேசாமல் நெய்கிற இடத்தில் ஒரே சீராக வருகிறது.

அந்தப் பதிவைச் சீரத்துக்குள் போட்டு வாசிக்க ஆசைப்பட்டேன். போட்டேன். என்னுடைய பதிவு நொடிக்கு 48,000 புள்ளிகள் கொண்டது. அதில் 2048 புள்ளி என்றால் ஒரு நொடியில் ஏறக்குறைய இருபத்து மூன்றில் ஒரு பங்கு. சீரம் தறிச் சத்தத்தை அந்த அளவில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சுற்றாக வைத்துத் திரும்பத் திரும்பச் சுழற்றியது. ‘டக்’ உறுமலாகிவிட்டது. இடைவெளி காணாமலே போயிற்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஒரு குறும்படத்தில் பயன்படுத்தவும் செய்தேன். ஆனால் அது எங்கள் தறி இல்லை. ஒலியைப் பொடிப்பொடியாக உடைத்து, அதன் இயல்பு மாறாமல் நீட்டவும் சுருக்கவும் கூடிய ‘கிரானுலர்’ முறை வேண்டும். அதைச் செய்யும் வேறு மென்பொருள்கள் உண்டு. ஆனால் பழகிய தறியை விட்டு வேறு தறியில் உட்காரச் சொன்னால் எந்த நெசவாளிக்கும் கை ஓடாது. என் கை சீரத்தில் ஊறிப்போயிருந்தது. அதன் அடுத்த பதிப்பில் இது வரும் என்று நம்பினேன். அன்றிலிருந்து காத்திருந்தேன்.

2019-ல் அத்திவரதர் எழுந்தருளினார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை ஊருக்குள் நடக்க இடமில்லை. நாற்பது வருஷமாக அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் இருந்தவர். 1979-ல் அப்பா பத்து வயதுப் பையனாக, தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேவித்தாராம். ஆகஸ்டில் நின்ற திருக்கோலத்தில் அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, “இனிமே 2059-லதான்டா” என்றார் அப்பா. அந்தக் காத்திருப்புக்குத் தேதி இருக்கிறது. எவ்வளவு நீளமானாலும் மனசு அதைச் சுற்றித் தன் கணக்குகளைப் போட்டுக்கொள்ளும். மென்பொருளுக்குத் தேதி கிடையாது. பெர்லினிலிருந்து வரும் ‘ஜீப்ரா’ சிந்தசைஸரின் மூன்றாம் பதிப்புக்கு உலகம் முழுக்க எத்தனையோ இசைக்காரர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அவர்கள் பாடு எனக்கு நன்றாகவே புரியும்.

“அந்த ஆளு எப்பதான்டா அறுப்பாராம்?” என்று அப்பா அவ்வப்போது கேட்பார். நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பதை எங்கள் பக்கம் அறுப்பது என்போம். முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்று வாசலில் வந்து நிற்பவர்களிடம் அப்பா ஒருபோதும் தேதி சொன்னதில்லை. “அறுக்கிற அன்னைக்குச் சொல்லி அனுப்புறேங்க.” அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழியில் தண்ணீர் ஊறும். சாயம் போட்ட பட்டு காயாது. இவற்றையெல்லாம் தெரிந்தவர் எப்படித் தேதி சொல்வார்?

எல்லாவற்றையும்விட நேரம் பிடிப்பது பெட்னி. உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால் பாவு இழைகளே அந்த இடத்தில் மாறியாக வேண்டும். உடல் பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்திப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்கி நெய்வார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். பெட்னி போடுகிற அன்றைக்கு அப்பா காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மாட்டார். அம்மாதான் மோரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பார். முடித்ததும் சேலையைத் திருப்பிப் போட்டு, சேர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அங்கே ரம்பப் பல் மாதிரி ஒரு மெல்லிய கோடு இருக்கும். பழையதும் புதியதும் பிணைந்த தடம் அது.

ஒரு மென்பொருளின் புதிய பதிப்பும் இப்படித்தான் வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இதற்கு முன்னால் வேறொரு சிந்தசைஸர் வைத்திருந்தேன். கணினிகள் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாறியபோது அந்தச் சிந்தசைஸரைச் செய்தவர்கள் அவசரமாகப் புதியதைக் கொண்டுவந்து, பழையதைக் கைவிட்டுவிட்டார்கள். பழையதில் நான் செய்து வைத்திருந்தது காமாட்சி அம்மன் பாடல்கள் ஒன்பது, மூன்று மாத வேலை. திறந்தால் ஒலி இருந்த இடமெல்லாம் வெற்றுத் தடம். அந்தப் பாடல்களை இன்றுவரை என்னால் மீட்க முடியவில்லை. அவசரமாக வந்த புதியதை நான் அனுபவித்துவிட்டேன். அதனால்தான் சீரம் தாமதமானபோது கோபம் வரவில்லை. பழைய இழையைப் பிணைத்துக்கொண்டு வரட்டும் என்றுதான் இருந்தது.

2021-ல் அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. குழிக்குள் இறங்குவதும் ஏறுவதும் முடியாமல் போயிற்று. நாலு மாதம் பார்த்துவிட்டு, தறியைப் பிரித்துத் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். மரச்சட்டங்களை வண்டியில் ஏற்றும்போது அப்பா வெளியே வரவில்லை. அதன் பிறகு பகலிலும் மைக்கைத் திறக்க முடிந்தது. முதல் வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை.

2025 மார்ச்சில் சீரம் 2 வந்தது. முதல் பதிப்பு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணமில்லை. பத்தொன்பது தவணை கட்டிய எனக்கும் அப்படியே. பழைய சீரத்தை அது தொடவில்லை, பக்கத்தில் தனியாக வந்து உட்கார்ந்தது. பழைய ஒலிகளைப் புதியதில் திறக்கலாம். என் பழைய கோப்பு ஒன்றை முதலில் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தது. அப்பா சேலையைத் திருப்பிப் போட்டுத் தடவுவது ஞாபகம் வந்தது.

வேவ்டேபிளோடு கூடவே கிரானுலர் முறையும் அதில் வந்திருந்தது. 2018-ன் அந்த ஏழு நிமிஷத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு ஹார்டு டிஸ்க் மாறியும் பத்திரமாகத்தான் இருந்தது. உள்ளே போட்டு ஒரு விசையை அழுத்திப் பிடித்தேன். தறி மெல்ல ஓடியது. நீட்டினேன். மிதிகட்டை, ஜக்கார்டு, அப்பாவின் நாடா. பிறகு அந்த இடைவெளி, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து. பிறகு அம்மாவின் நாடா.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். அப்பா பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். “அது மயில்கழுத்துச் சேலை” என்றார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இன்னும் கைத்தறி ஓடிக்கொண்டிருந்தால் அதன் சத்தத்தைப் பதிவு செய்து வையுங்கள். கைப்பேசியே போதும். பத்து நிமிஷம் நிறுத்தாமல், பேசாமல் பதியுங்கள். சுருக்கிய பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். எந்த ஊர், யார் நெய்தார், தறியில் என்ன சேலை என்பதையும் எழுதி வையுங்கள். அதை வாசிப்பதற்கான கருவி வர இன்னும் பத்து வருஷம் ஆகலாம்.