முற்றிய கழி

செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் கையில் இப்போது அலுமினியக் கழி. எங்கள் காலத்தில் மூங்கில்தான். ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் மலேசிய நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டது, எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். மரம் உயர உயர அரிவாளுக்கு நீளக் காம்பு வேண்டுமே. மூங்கிலை விட்டால் வேறு எது?

பழம் வெட்டுவதில் என் பெரியப்பா பேர்போனவர். கழி தேட ஆற்றோரத் தூறுக்கு என்னையும் கூட்டிப்போவார். பச்சைப்பசேலென்று, வெள்ளை மாவு பூசினாற்போல் நெடுநெடுவென நிற்பதைக் காட்டி, "இது பெரியப்பா, இது" என்று குதிப்பேன். அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பாசித் திட்டுப் படர்ந்து நிறம் மங்கிய ஒன்றைக் கத்தி முதுகால் தட்டுவார். கணீரென்றால்தான் வெட்டு. மனுஷனுக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். பன்னிரண்டு வயசு மேதாவி!

மூங்கில் முளைவிட்ட சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். பிறகு நீளவும் செய்யாது, பருக்கவும் செய்யாது. உள்ளே நார் கெட்டிப்படத்தான் 3 முதல் 5 வருஷம் பிடிக்கும். அந்த நாரும் வெளித்தோலை ஒட்டித்தான் நெருக்கமாக ஓடும். அதனால் பெரியப்பா தோலைச் சீவ விடமாட்டார். கூடான கழி வளையும்போது நசுங்காமல் காப்பது கணுவுக்குக் கணு உள்ளே இருக்கும் தடுப்பு. பலமெல்லாம் நீளவாக்கில், ஆணி அடித்தால் பிளந்துவிடும். சைக்கிள் டியூப்பைக் கீறித்தான் அரிவாளை இறுக்கிக் கட்டுவார். இளசாக வெட்டியதோ ஈரத்தில் கனக்கும், காய்ந்தால் சுருங்கும், மாவுச்சத்துக்கு வண்டு வந்து உளுத்தும் போகும்.

புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் அப்படி ஓர் இளங்கழியோடு வந்து நின்றான். தூக்கினால் நுனி ஆடியது. அரிவாள் குலைக்காம்பில் நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா ஒன்றும் பேசாமல் தன் கழியை அவனிடம் கொடுத்து, அவனுடையதை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் தோளுக்குத் தைலம் தேய்த்தபடி பெரியம்மா திட்டித் தீர்த்தார். "பழகுற வரைக்கும்தானே" என்றார் பெரியப்பா.

என் பேரனுக்கு இப்போது ஒரே சலிப்பு. "வேலைக்குச் சேர்ந்தும் நின்ன இடத்துலயே நிக்கிறேன் தாத்தா" என்கிறான். நிற்கட்டுமே. வளர்வது ஊர் கண்ணுக்குத் தெரியும். முற்றுவது தெரியாது, பாரம் ஏறும்போதுதான் தெரியும். அதுவரை கனத்த கழியைக் கொஞ்ச நாள் மாற்றிப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் போதும்.