தணிக்கையின் சாத்தியம்

வங்கியில் லைன் போய்விட்டால் கவுண்டரில் உள்ள நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பெட்டியில் பணம் இருக்கும், கொடுக்க முடியாது. இன்டர்நெட் தணிக்கை சாத்தியமா என்று நண்பர்கள் விவாதிக்கும்போது எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வருகிறது.

சர்வாதிகாரத்தில் முடியும், ஜனநாயகத்தில் முடியாது என்பது பொதுவான அபிப்பிராயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2011 ஜனவரி இறுதியில் எகிப்தின் முபாரக் சர்க்கார் இணையத்தை ஏறக்குறைய முழுவதும் துண்டித்தது. ஐந்து நாள். வியாபாரம் நின்றது, கூட்டம் கலையவில்லை. பிப்ரவரி 11ல் முபாரக் பதவி விலகினார். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் துண்டித்தது தேர்தலில் வென்று வந்த அரசு. காலவரையின்றி நிறுத்தி வைப்பது செல்லாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில்.

துண்டிப்பது முரட்டு வேலை. சீனாவும் அதைச் செய்தது: 2009 உரும்சி கலவரத்துக்குப் பின் ஷின்ஜியாங்கில் சுமார் பத்து மாதம். ஆனால் அதன் பலம் வேறு இடத்தில். வாசகன் எழுதுவதற்குக் கம்பெனியே பொறுப்பு என்று வைத்தது. கம்பெனிகள் தாமே ஆள் வைத்து வெட்டுகின்றன. 1989 ஜூன் 4 பற்றி எழுத முடியாதவர்கள் ‘மே 35’ என்று எழுதினார்கள். அதுவும் வெட்டப்பட்டது. ஆக, கேள்வி ஆட்சிமுறை பற்றியது மட்டுமல்ல; கத்தரி யார் கையில் என்பது.

ஊழியர்கள் சமூக வலைத்தளங்களில் நிதானம் காக்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அதற்கு அடுத்த வாரம் நண்பரின் கவிதைத் தொகுப்பு ஒன்றைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினேன். காஷ்மீர் பற்றிய ஒரு வாக்கியத்தை நானே எடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கட்டுரையின் கச்சிதம் கெடுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். விமர்சகனுக்கு இந்த வசதி உண்டு. வடிவம் என்ற காரணம் எப்போதும் கைவசம் இருக்கிறது. பிறர் கவிதையில் ஒரு வார்த்தை அதிகம் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

1975 ஜூனில், நெருக்கடி நிலை வந்த கையோடு, இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. அங்கே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்பது வாசகனுக்குத் தெரிந்தது. என் கட்டுரையில் அப்படி வெற்றிடம் எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள்.

அந்த வாக்கியத்தை இப்போது சொல்லிப் பார்க்கிறேன். சரியாக வரவில்லை.