கூடடையும் நேரம்

கோழி வளர்ப்பைப் பற்றிக் கேட்போர் பலரும் வரவு செலவைத்தான் கேட்கிறார்கள். முட்டை எத்தனை, தீவனம் என்ன விலை, இலாபம் உண்டா? இவற்றிற்கு விடை சொல்வது எளிது. நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு அறுபது முதல் எண்பது முட்டை வரையே இடும்; அதை வைத்து மாளிகை கட்டியவர் எவரும் இலர். ஆனால் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இன்று மாலை கூட்டை அடைக்கப்போவது யார் என்பதே அது.

மேலப்பாளையத்தில், பாளையங்காலுக்குச் சற்றுத் தள்ளி, நம் பொறுப்பில் ஏழு சென்ட் தோட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு முருங்கை, சில வாழை, ஓர் ஓட்டுச் சாய்ப்பு. அங்கே ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் வாழ்கின்றன. நாம் தங்கியிருக்கும் இல்லமோ கால் மணி நேர நடைத்தொலைவில் உள்ளது. கொல்லைப்புறத்துக் கோழியை அடுக்களை வாயிலில் நின்றபடியே கவனித்துக்கொள்ளலாம். தோட்டத்துக் கோழியை நாடி நாம்தான் போகவேண்டும், நாள்தோறும், இருமுறை.

வேலை என்று பார்த்தால் அரைமணி கூட ஆகாது. காலையில் கதவைத் திறந்து, தலையை எண்ணி, குறுணையும் தவிடும் வைத்து, தண்ணீர்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். பகலெல்லாம் அவை குப்பையைக் கிளறித் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளும். அந்தியில் தாமாகவே வந்து அடைந்தும்விடும். மங்கிய ஒளியில் அவற்றுக்குக் கண் தெரிவதில்லை. மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்திக் கொண்டி மாட்டுவது மட்டுமே நம் வேலை. இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் தவறினால் மரநாய் தவறாது. அது ஒரு கோழியோடு நிற்பதும் அரிது.

இங்கிலாந்தில் நகர மக்களுக்கு உள்ளாட்சி மன்றங்கள் சிறு தோட்டத் துண்டுகளைக் குத்தகைக்கு விடுகின்றன. அங்கே வீட்டுத் தேவைக்குக் கோழியும் முயலும் வளர்த்துக்கொள்ள 1950ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று வழிவிட்டது. அந்நாட்டில் கோடையில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னும், குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கும் பொழுது சாயும். கூடடைப்பவர் அதன் பின்னே ஓடவேண்டும். நம் நெல்லைச் சீமையிலோ ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவே கதிரவன் மறைந்துவிடுகிறான். நம் பாடு எவ்வளவோ தேவலை! ஆயினும் மாலை ஆறு மணி என்பது ஒரு பங்குப் பணியாளருக்கு எத்தகைய நேரம் என்பதை வாசகர் அறிவர். திருப்பலி, அன்பியக் கூட்டம், நோயாளர் சந்திப்பு, மண ஓலை எழுத வருவோர் என எல்லாம் அந்த நேரத்தையே தேடி வரும்.

குருமடத்தில் மணிக்குக் கீழ்ப்படியக் கற்றோம். நல்ல பயிற்சிதான். ஆனால் அது தனி ஒருவனை ஒழுங்குபடுத்தும் பயிற்சி. கோழிக்கு அது போதாது. நாம் எவ்வளவு ஒழுங்குடையவராயினும், இறப்பு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டால் அந்த மாலை நம்முடையதன்று. அப்போது வேறொருவர் வந்தாக வேண்டும்.

வந்தவர் அடுத்த வீட்டு மூதாட்டி. அவ்வூரில் எத்தனையோ இல்லங்களில் நடப்பதுபோல அவர் வீட்டிலும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறார்கள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டோம். “நீங்க போயிட்டு வாங்க பாதர். பத்து உசுரு இருக்குல்லா, பாத்துக்கிடுதேன்” என்றார். அவருக்குக் கடிகாரம் வேண்டியதில்லை. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலிக்கும் நேரமும் கோழி அடையும் நேரமும் ஏறத்தாழ ஒன்றே. முட்டையில் பாதி அவருக்கு என்று நாம் சொன்னோம். மூன்றில் ஒன்று போதும் என்று அவர் முடித்துவிட்டார்.

சிக்கல் நோன்பு மாதத்தில் வந்தது. பாங்கு ஒலித்ததும் நோன்பு திறக்கவேண்டியவரை அந்நேரம் கோழிக்கூட்டுக்கு அனுப்புவது முறையா? ஆகவே ரமலானில் மாலை முறை முழுவதும் நம்முடையது, புனித வாரத்தில் அவருடையது என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். 2024இல் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மார்ச் 28, பெரிய வியாழன். நாம் பீடத்தில் நிற்கவேண்டும். அவர் கஞ்சிக் கிண்ணத்தின் முன் இருக்கவேண்டும். இறுதியில் பாடகர் குழு இளைஞன் ஒருவன் மிதிவண்டியில் போய்க் கூட்டை அடைத்துவிட்டு வந்தான். திருப்பலி தொடங்கியபின் அவன் பின்வரிசையில் நுழைந்ததைக் கண்டோம். பூசையறையில் ஒரு தூக்குவாளி நிறைய நோன்புக்கஞ்சி காத்திருந்தது.

அவர் பெயரில்லாமல் இக்கட்டுரை எழுத இயலாது என்றாலும், பெயர் போட வேண்டாம் என்பது அவர் விருப்பம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் பெருமழையை நெல்லை மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது; தாமிரபரணி கரை கடந்தாள். அந்த ஞாயிறு மாலை நம்மால் தெருமுனையைக் கூடத் தாண்ட இயலவில்லை. தொலைபேசியும் இல்லை. செவ்வாயன்று தோட்டத்தை அடைந்தபோது சாய்ப்பில் சேறு முழங்கால் உயரத்துக்கு அடையாளம் இட்டிருந்தது. கூட்டின் கதவு திறந்து கிடந்தது. மூதாட்டியின் வீட்டு மச்சில், பீடி இலைக் கட்டுகளின் அருகே, பத்தும் காலில் கயிற்றோடு நின்றன. பேரனும் அவரும் இருட்டில் சாக்கிலும் பஞ்சாரத்திலுமாகச் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள். இலைக்கட்டு ஒன்று எச்சம் பட்டுக் கெட்டிருந்தது. அதற்கு விலை கொடுக்க முயன்றோம், கோபித்துக்கொண்டார்.

நோய் விஷயமும் இப்படித்தான். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஓரிரு வாரத்தில் தெருவே வெறிச்சோடிவிடும். தடுப்பு மருந்தோ நூறு கோழிக்கான புட்டியாக வருகிறது; கரைத்தபின் இரண்டொரு மணி நேரத்தில் போட்டு முடிக்கவேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தமக்கென்று மட்டும் அதை உடைப்பது வீண். எனவே தெருவிலுள்ள கோழிகளெல்லாம் ஒரே காலையில் கூடையேறி நம் தோட்டத்துக்கு வந்தாகவேண்டும். அந்தக் காலையின் இரைச்சலை எழுத்தில் கொண்டுவர நம்மால் ஆகாது.

இப்போது ஒரு பெட்டை அடையில் இருக்கிறது. பதினொரு முட்டை. இடிக்கு முட்டை கூமுட்டையாகாதிருக்க ஓர் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் மூதாட்டி வைத்தவை, நாம் எடுக்கவில்லை. தம்மைக் குஞ்சுகளை இறக்கையில் அணைக்கும் கோழிக்கு ஒப்பிட்டார் ஆண்டவர். மறையுரைகளில் நாம் அந்த இறக்கைகளைப் பற்றியே பேசுகிறோம். அதற்கு முந்திய இருபத்தொரு நாளைப் பற்றிப் பேசுவாரைக் காணோம். நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம், இரைக்கும் தண்ணீருக்கும் எழுகிறது; திரும்பி வந்து அலகால் முட்டைகளைப் புரட்டிவிட்டு மறுபடி அமர்கிறது. இறக்கையின் அடியில் கையை விட்டால் காய்ச்சல்காரரின் நெற்றிபோலச் சுடுகிறது.

வரும் திங்களன்று ஆண்டுத் தியானத்துக்குப் புறப்படுகிறோம். அன்று அடைக்குப் பதினெட்டாம் நாள். குஞ்சு வெளிவரும்போது நாம் ஊரில் இருக்கமாட்டோம். குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்க, சாணமும் கிழிந்த சாக்கும் திணித்த பானையைப் பேரன் இப்போதே முருங்கையடியில் கவிழ்த்துவைத்துப் பழகிக்கொண்டிருக்கிறான்.