இருவகை மருந்து

மருந்து என்னும் சொல் சிவகாசியிலே இரு பொருள் தரும்: ஒன்று வானில் வெடிப்பது, மற்றொன்று உயிரைக் காப்பது. முன்னதற்குக் காட்டும் கவனத்தைப் பின்னதற்குக் காட்டுவோர் சிலரே.

150 தொழிலாளர்க்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் வேண்டும் என்றது, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். பூட்டிய பெட்டியோ, திறவுகோல் உடையான் வரும்வரை வெறும் மரமே! கோடை வெயில் படின் உள்ளிருக்கும் களிம்பும் வலிமை குன்றும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது, உதவ ஓடியவரும் மாண்டனர். ஆதலின் பெட்டி, வெடிமருந்து அறைக்கு அப்பால், நிழலில், எவர் கைக்கும் எட்டுமாறு இருத்தல் வேண்டும்.

தீப்புண்ணின் முதல் மருந்தோ பெட்டியில் இல்லை, அது தண்ணீர். வெந்த இடத்தின்மேல் 20 நிமிடம் குளிர்நீர் ஓடவேண்டும். சிலர் மையும் மாவும் அப்புவர். அவை புண்ணை மறைக்குமேயன்றி ஆற்றா. தொட்டி நிறைந்துள்ளதா எனக் காலையில் பார்த்த பின்னரே வேலை தொடங்குதல் நன்று.